கிண்ணம் வெறுமையாகத் திரும்பினால் என்ன?

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமுள்ள நூம்பலும் அதன் சுற்றுப்புறங்களும் முன்பு ஏரியும் வயலுமாக இருந்த கிராமங்கள். இன்று மனைகளும் மாடி வீடுகளும் பெருகிவிட்டன. ஆயினும் நம் கிராமங்களின் பழக்கமொன்று இன்னும் அடியோடு அழியவில்லை. ஒரு வீட்டில் ஆணம் மணந்தால் அடுத்த வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். அங்கிருந்து கீரையோ காயோ வரும். கிண்ணம் வெறுமையாகத் திரும்பாது.

அழகான பழக்கந்தான். ஆனால் இதில் ஒரு முள்ளும் மறைந்திருக்கிறது. திருப்பித் தர ஏதுமில்லாத வீட்டுப் பெண், 'நமக்கேன் இந்தக் கடன்?' என்று ஒதுங்கிக்கொள்கிறாள். கொடுத்தவளோ, 'வாங்க மட்டும் தெரிகிறது' என்று முணுமுணுக்கிறாள். இதற்கு மார்க்கம் கூறும் மருந்து என்ன?

குழம்பு சமைத்தால் தண்ணீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். இறைச்சியை அதிகமாக்கச் சொல்லவில்லை, தண்ணீரைத்தான் சொன்னார்கள். வசதியற்றவருக்கும் இயலும் காரியம் இது!

முஸ்லிம் பெண்களை அழைத்து, அண்டை வீட்டுப் பெண் தருவது ஆட்டுக் குளம்பானாலும் அற்பமாக எண்ணலாகாது என்றும் அருளினார்கள். இது கொடுப்பவளுக்கும் பொருந்தும், வாங்குபவளுக்கும் பொருந்தும் என்பது ஹதீஸ் விரிவுரையாளர்களின் விளக்கம். கொடுப்பவள், 'இவ்வளவுதானா?' என்று கூசவும் வேண்டாம். வாங்குபவள் முகஞ் சுளிக்கவும் வேண்டாம்.

யாருக்கு முதலில் கொடுப்பது? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, எவருடைய வாசல் அருகிலிருக்கிறதோ அவருக்கு என்று பதில் கிடைத்தது. வேற்று மதத்தவருக்கும் கொடுக்கலாமா? அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தாயிற்றா என்றுதான் விசாரித்தார்கள். நம் அண்டை வீட்டார் புலால் உண்ணாதவராயின் கீரையும் பழமும் கொடுப்போம்.

ஊசிப்போனதைக் கொடுப்பது ஈகையன்று. நாமே வாங்கக் கூசும் பொருளைத் தருமமாகக் கொடுக்க வேண்டாமென்று அல்பகரா அத்தியாயத்தின் 267-ஆம் வசனம் எச்சரிக்கிறது.

இனி, கொடுக்க ஏதுமில்லையே என்பவர்களுக்கு ஒரு வழி. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனும் பறவையும் கால்நடையும் உண்பதெல்லாம் அவருக்குத் தருமமாகும் என்பது நபிமொழி. இதற்குத் தோட்டம் வேண்டியதில்லை. முருங்கைக் கிளையொன்றை ஒடித்து நட்டாலே தழைத்துவிடும். பிரியாணிக்கு வாங்கிய புதினாவின் தண்டைத் தொட்டியில் ஊன்றினால் வேர்விடும். சிறுகீரை ஒரு மாதத்திற்குள் கைக்கு வரும். அரிசி கழுவிய நீரும் ஒளூச் செய்த நீரும் செடிக்குப் போதும். நாலு கொத்து முருங்கைக் கீரை இருந்தால் ஏழை வீடும் கொடுக்கும் வீடுதான்.

ஒன்று கவனிக்க: மதிலைத் தாண்டி நம் பக்கம் தொங்கும் காய் மரத்துக்குரியவருடையதே. கேட்டுப் பறிப்பதே முறை.

அதுவும் இல்லாத நாளில் கிண்ணம் வெறுமையாகவே திரும்பட்டும், அதில் இழிவில்லை. ரமளானில் அஸருக்குப் பின் நம் பள்ளிவாசல்களில் தூக்குகளோடு நிற்பவர்களைப் பாருங்கள். மாற்று மதச் சகோதரர்களும் நோன்புக் கஞ்சி வாங்கிச் செல்கிறார்கள். அந்தத் தூக்கில் என்ன திரும்பி வந்தது என்று எவராவது பார்ப்பதுண்டா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் பல சமைத்து வழங்கினவே, யாரிடம் கணக்குக் கேட்டன?

பள்ளிவாசலில் பார்க்காத கணக்கை நம் வீட்டு வாசலில் பார்ப்பானேன்? கிண்ணத்தை நிரப்பித் தருபவன் அல்லாஹ். கணக்கை அவனிடமே விட்டுவிட்டு, இன்று ஆணத்தில் ஒரு குவளைத் தண்ணீர் கூட ஊற்றுவோம். வல்ல ரஹ்மான் அருள் புரிவானாக! ஆமீன்.