லேசர் பொறிப்புக்கு எந்தக் கணினி?

பட்டறையில் லேசர் பொறிப்பு இயந்திரத்தை ஓட்ட விலையுயர்ந்த கணினி வேண்டாம். நடுவில் நின்றுவிடாத கணினி வேண்டும். சிறிய டயோடு லேசர்கள் பலவும் ஜிஆர்பிஎல் (GRBL) என்ற கட்டுப்பாட்டு மென்பொருளில் இயங்குகின்றன. அவற்றைக் கணினியோடு இணைத்து ஓட்டும்போது, யுஎஸ்பி வழியே கட்டளைகள் வரிவரியாகப் போய்க்கொண்டே இருக்கும். கணினி உறக்கநிலைக்குப் போனால் வேலை பாதியில் நிற்கும், பலகை வீண். எனவே ‘ஸ்லீப்’, யுஎஸ்பி மின்சேமிப்பு இரண்டையும் முதலில் நிறுத்துங்கள். விண்டோஸ் அப்டேட்டை வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ருய்டா (Ruida) நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள பெரிய இயந்திரங்களில் இந்தக் கவலை குறைவு. கோப்பை அனுப்பிவிட்டால் அந்தக் கருவி தன் நினைவகத்திலிருந்தே ஓட்டிவிடும்.

அலுவலகங்கள் கழித்த, நல்ல நிலையிலுள்ள டெஸ்க்டாப் தாராளம். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி இருக்கட்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் பணத்தைப் புகை வெளியேற்றும் விசிறியில் போடுங்கள். அந்தப் புகையும் தூசியும் கணினிக்குள்ளும் படியும், ஆகவே கணினியைச் சற்றுத் தள்ளியே வையுங்கள். அதற்காக நீளமான கேபிள் வேண்டாம். இரண்டு மீட்டருக்குள், உறையிட்ட நல்ல கேபிளை ஹப் இல்லாமல் நேரடியாகச் செருகுங்கள்.

கணினி எவ்வளவு நம்பகமானதாக இருந்தாலும், லேசர் ஓடும்போது பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும், மரம் தீப்பிடிக்கலாம்.