அடிபம்பை வரைந்த மாதம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. இரண்டு முறை பதில் எழுத உட்கார்ந்து, இரண்டு முறையும் கிழித்துப் போட்டேன். இரண்டிலும் 'ஆசிரியப் பணி அறப்பணி' வாடை அடித்தது.

நீ கேட்டது இதுதான். மெட்ரிக் பள்ளியில் டிராயிங் மிஸ்ஸாகச் சேர்ந்து ஒன்றரை வருடமாகிறது, கும்பகோணத்தில் ஓவியம் படித்தபோது இருந்த கோடு இப்போது கையில் இல்லை, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய் வரையட்டுமா சார்?

விடு என்றோ விடாதே என்றோ சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. நான் அரசுச் சம்பளத்தில் இருந்து ஓய்வூதியத்துக்கு வந்தவன். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2012இல் ஓவியம், தையல், உடற்கல்வி என்று 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளுக்கு மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை வருடம் தெருவில் உட்கார்ந்தார்கள் என்பது உனக்கே தெரியும். சம்பளம் போதவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடு, அதற்குக் கலையைச் சாக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடு போய்விட்டது என்பதுதான் காரணம் என்றால் கொஞ்சம் பொறு. அது எனக்கும் போயிருக்கிறது.

ஊர் சுற்றினால் கோடு வரும் என்று நானும் நம்பியவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே நாளில் நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல் மூன்றையும் முடித்தேன். முடித்தேன் என்றுதான் அன்றைக்கு நோட்டிலும் எழுதியிருக்கிறேன். குடுமியான்மலை என்றால் ஊருக்கே இசைக் கல்வெட்டு ஞாபகம் வரும், எனக்கு அங்கே குடித்த பன்னீர் சோடாதான் ஞாபகம். சித்தன்னவாசலில் இருபது நிமிடம் இருந்தேன். குன்றைக் குடைந்த சின்னக் கோயில், முன்மண்டபத்து விதானத்தில் தாமரைக் குளம், அன்னம், மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அதில் குளம் இருக்கிறது, தண்ணீர் இல்லை.

எட்டு வருடம் கழித்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். கருவறைக்குள் நின்று மூச்சை இழுத்து 'ம்...' என்று முனகினால் அறை முழுக்க அதிரும். பிள்ளைகளுக்கு ஓவியத்தைவிட அதுதான் பிடித்தது. நாற்பது பேரும் வரிசையில் நின்று முனகிவிட்டு வந்தார்கள். ஒருவன் மட்டும் முன்மண்டபத்தில் கழுத்தை அண்ணாந்து நின்றுகொண்டிருந்தான், வகுப்பில் கடைசி பெஞ்சு. தாமரையைத் தோளில் சாய்த்துப் பிடித்திருக்கும் ஆளைக் காட்டி, "சார், இவருக்கு மேலெல்லாம் அரிக்கும் சார்" என்றான்.

"ஏன்டா?"

"தண்டு முள்ளு முள்ளா இருக்கும்ல. எங்கப்பா கம்மாயில பூப்பறிச்சு தோள்ல போட்டுட்டு வந்தா தோலெல்லாம் கீறிக் கெடக்கும்."

டிராயிங் பரீட்சையில் ஃப்ரீஹேண்ட் ஹையர் பாஸ் பண்ணியவன் நான். மாடல் டிராயிங்கிலும் ஹையர். தாமரைத் தண்டு சொரசொரப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் வரைந்த தாமரைகள் எல்லாமே காலண்டர் லட்சுமியின் காலடியிலிருந்து வந்தவை. அந்தப் பையன் சொன்ன பிறகு அண்ணாந்து பார்த்தேன். ஆயிரம் வருடத்துக்கு முந்திய அந்த ஓவியன் பூ பறிக்கிறவர்களின் பக்கத்தில் நின்றவன் என்று அப்போதுதான் பட்டது. அவன் வரைந்தது சமணரின் புனிதக் குளம் என்கிறார்கள். இருக்கட்டும். தண்ணீரில் இறங்கிய எருமை எப்படி நிற்கும் என்பதை அவன் ஊர்க் கண்மாயில்தானே பார்த்திருக்க வேண்டும்?

அந்தக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்கிறது. அவர் துறவியாகவே இருந்திருப்பார். சாக்பீஸ் பிடித்தவர் என்று நான் சொந்தம் கொண்டாடவில்லை. ஆனாலும் ஆசிரியன் என்ற சொல்லைக் கல்லில் பார்த்தபோது சின்னதாய் ஒரு பெருமை வந்தது, மறைப்பானேன். அதன் பிறகு பழைய ஓவியங்களைக் கண்டு சொன்ன ஆசிரியர்களைத் தேடிப் பார்த்தேன். சித்தன்னவாசலைப் பற்றி அச்சில் முதலில் எழுதியவர்களில் ஒருவர் எஸ். ராதாகிருஷ்ண ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வர். அவருடைய சமஸ்தான வரலாறு வந்தது 1916இல். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதைக்குள் 1931இல் விளக்கோடு போய், நாயக்கர் காலச் சாந்து உதிர்ந்த இடத்தில் அடியிலிருந்த சோழர் ஓவியத்தைக் கண்டவர் எஸ்.கே. கோவிந்தசாமி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்தவர். சரி, காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவர் ஓவியத்தைக் கண்ட ழுவோ துப்ராய் கடல் தாண்டி வந்தவர்தானே என்பாய். அவரும் புதுச்சேரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்தான் அம்மா.

இவர்கள் யாரும் வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றவில்லை. பக்கத்தில் இருந்த ஊருக்கு மறுபடி மறுபடி போனவர்கள். எனக்கு எட்டியவரை பயணம் என்றால் அதுதான். பத்து ஊருக்கு ஒரு தடவை போகிற காசில் ஒரே ஊருக்குப் பத்து தடவை போகலாம். முதல் தடவை ஊர் நமக்கு முகம்தான் காட்டும். மூன்றாம் தடவைதான் டீக்கடைக்காரர், "என்ன சார், போன தடவ வரஞ்சது முடிஞ்சுதா?" என்பார். அப்புறம்தான் அவர் நம் படத்துக்குள் வந்து உட்காருவார்.

இதை எழுதும்போதே ஒரு தயக்கம். நான் ஆண். ராத்திரி பதினோரு மணிக்குத் திருச்சி சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் தரையில் உட்கார்ந்து, தூங்குகிறவர்களை வரைந்துகொண்டு விடிய விடிய இருந்திருக்கிறேன். ஒரு போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, என்னையும் வரையேன் என்றார், அவ்வளவுதான். நீ உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பயணம் கலைஞனை வளர்க்கும் என்று எழுதியவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற ஆண்கள். பகலில் போ, தோழியோடு போ என்று சொல்லலாம். ஆனால் அது உன் வழியை அடைத்துவிட்டு மாற்றுப்பாதை காட்டுவது போலிருக்கிறது. உன் வகுப்பில் படித்த நாலைந்து பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு என்று கிளம்ப முடியுமா பார். ஒருத்தி வரையும்போது வேடிக்கை பார்க்கிறார்கள். ஐந்து பேர் உட்கார்ந்தால் ஏதோ காலேஜிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

உன் பிள்ளைகளும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஆற்றோரம் ஓட்டு வீடு, தென்னை மரம் என்றுதானே வரைகிறார்கள்? என் பிள்ளைகளும் அப்படித்தான். எங்கள் பக்கம் மலை என்றால் மொட்டைப் பாறை, ஆறு என்றால் மணல். அவர்கள் யாரும் பார்க்காத ஊரை நாற்பது வருடமாக நாங்கள் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறோம். நானும்தான். ஐம்பத்திரண்டு பேர், நாற்பது நிமிடம், பாதி நாள் கணக்கு வாத்தியார் பீரியடைக் கடன் வாங்கிக்கொள்வார். மலையும் சூரியனும் சுலபம்.

ஒரு ஜூலை மாதம் சலித்துப்போய், பெஞ்சை எல்லாம் விட்டுவிட்டு அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். மைதானத்தில் இருந்த ஒரே பொருள் அடிபம்பு. அதை வரையுங்கள் என்றேன். முதல் வாரம் பம்பு பிள்ளையார் மாதிரி வந்தது. இரண்டாம் வாரம் கைப்பிடி எங்கே சேருகிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். வேறு ஏதாவது கேட்டு நச்சரிப்பார்கள் என்று நினைத்தேன், நடக்கவில்லை. எனக்குச் சும்மா நிற்கப் பிடிக்காமல் நானும் ஒரு நோட்டை எடுத்தேன். கைப்பிடி ஆடும் இடத்து ஆணி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. ஏன் ஒரே பக்கம் என்று யோசித்தபடி வரைந்தேன். அந்த ஆணியை எத்தனை தடவை வரைந்தேன் என்று கணக்கில்லை. மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டியபோது தெரிந்தது, கோடு திரும்பி வந்திருந்தது. நான் அதைத் தேடிப் போகவே இல்லை.

நான்காம் வாரம் பம்போடு ஆளையும் சேர்த்து வரையச் சொன்னேன். தண்ணீர் அடிக்கிறவர்களை வரைந்தார்கள். எல்லாப் படத்தையும் வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டுப் பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். ஆசிரியர் அறைக் குடத்துக்குத் தண்ணீர் அடிப்பது போல வரையப்பட்டவர்கள் ஐந்தாறு பேர்தான். ஒருத்திக்குச் சிவப்பு ரிப்பன், ஒருவனுக்குக் கிழிந்த கால்சட்டை, அடையாளம் தெரிந்தது. ஐம்பத்திரண்டு பிள்ளைகளும் அதே ஐந்தாறு பேரை வரைந்திருந்தார்கள். எல்லாரும் ஒரே தெரு. எந்தத் தெரு என்று உனக்கு எழுத வேண்டியதில்லை.

பதினோரு வருடம் அந்தக் குடத்துத் தண்ணீரைக் குடித்திருக்கிறேன். யார் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன்.

இதை வைத்து நான் ஏதோ புரட்சி செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆண்டு விழாக் கண்காட்சிக்கு அந்தப் படங்களைத்தான் மாட்டுவேன் என்றேன். "படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு, வேற ஏதாச்சும் மாட்டுங்க" என்றார்கள். மாட்டினேன், மலையும் சூரியனும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. மறுநாளிலிருந்து என் செம்பை நானே எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனேன். என்னைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் போனார்கள். மற்றவர்களுக்குக் குடம் வந்துகொண்டுதான் இருந்தது.

ஆகவே பள்ளிக்கூடம் உன் கையை மழுங்கடிக்கிறது என்று நீ எழுதியதை என்னால் முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. கரும்பலகையில் மலை போடுவதுதான் மழுங்கடிக்கும். உன் பள்ளியில் எது கையருகில் இருக்கிறது? சைக்கிள் ஸ்டாண்டா, பிள்ளைகளின் செருப்புக் குவியலா? ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் விடாதே. அவர்களோடு உட்கார்ந்து நீயும் வரை. அவர்கள் தாளில் மட்டும் உன் பென்சிலை வைக்காதே. ஒரு பெண்ணின் படத்தில் தோளை நான் 'சரி' செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் என் கையில் நோட்டைத் தரவே இல்லை.

ஓய்வு பெற்ற வருடம் சாந்திநிகேதன் போய் வந்தேன். போல்பூரில் இறங்கி மூன்று நாள். ராம்கிங்கர் பைஜின் சந்தால் குடும்பச் சிற்பத்தின் முன்னால் ஒரு காலை முழுக்க இருந்தேன். 1938இல் செய்தது. வெண்கலமும் இல்லை, பளிங்கும் இல்லை, சிமெண்டும் அந்த ஊர்ச் செம்மண் சரளையும். பொருள் வாங்கக் காசில்லாததை ஒரு குறையாக அந்த மனிதர் எடுத்துக்கொள்ளவே இல்லை என்பது சிற்பத்தைத் தொடாமலே தெரிகிறது. ஹிந்தி பவனச் சுவர்களில் பினோத் பிஹாரி முகர்ஜி 1947 வாக்கில் வரைந்த பக்திக் கவிகளின் ஊர்வலத்தையும் பார்த்தேன். பிறந்ததிலிருந்தே அவருக்குப் பார்வை குறைவு, ஐம்பதுகளின் நடுவில் அதுவும் போனது. அதற்குப் பிறகும் காகிதத்தை மடித்தும் வெட்டியும் கையால் தடவியும் வேலை செய்தார், பாடமும் சொன்னார். அவரிடம் படித்தவர்களில் சத்யஜித் ராய் ஒருவர், கே.ஜி. சுப்பிரமணியன் இன்னொருவர். இந்தச் சுப்பிரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தவர், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்குப் போய், பிறகு சாந்திநிகேதன் போய்ச் சேர்ந்தவர். தொலைவுக்குப் போவது தப்பே இல்லை. அவர் போனது ஒரு ஆசிரியரைத் தேடி, அந்த வித்தியாசத்தை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

காசைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஓவியர் பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, படம் விற்று நிலம் வாங்கவில்லை. பாத்திக் துணி போட்டு விற்றார்கள். கைத்தொழில் சோறு போட்டது, ஓவியம் தன் போக்கில் இருந்தது. உன் அப்பா சுவர் எழுத்துக்காரர் என்று நீ யாரிடமும் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறாய். ஃப்ளெக்ஸ் வந்து அவர் தொழிலை விழுங்கிவிட்டது, உண்மை. ஆனால் ஸ்கேல் வைக்காமல் பத்தடிச் சுவரில் 'ழ'வைச் சுழிக்கிற கை அது. அந்தக் கைக்குப் பக்கத்தில் வளர்ந்துவிட்டு கோடு போய்விட்டது என்கிறாயே. தேர்தல் வரும்போது இரண்டு நாள் அவரோடு சுவருக்குப் போ. கூலியும் வாங்கிக்கொள்.

கேலரிக்காரர்கள் யாராவது படம் கேட்டால் கொடு, எழுதி வாங்கிக்கொண்டு கொடு. நகரத்தில் ஒரு இடத்தில் நான் மூன்று படம் கொடுத்து இரண்டுதான் திரும்ப வந்தது. மூன்றாவது அடிபம்பு. எந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறதோ, தெரியவில்லை.

அடுத்த மாதம் உன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சித்தன்னவாசல் வா. புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகிற பஸ். காலையிலேயே வந்துவிடு, பத்து மணிக்கு மேல் பாறை சுடும், ஏழடிப்பாட்டத்துச் சமணர் படுக்கைகளைப் பார்க்கப் பிள்ளைகள் ஏற முடியாது. நானும் வருகிறேன். வரும்போது அவர்கள் வரைந்ததில் நாலைந்து படம் கொண்டு வா. நீ திருத்தாததாகப் பார்த்து எடு.

அன்புடன்,
உன் பழைய டிராயிங் மாஸ்டர்