ரிப்போர்ட் வேலைக்குப் பயிற்சி வகுப்பு உதவுமா?

சங்க விழாக்களுக்கு வரும் பெற்றோர் பலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். “பையன் பி.காம். முடித்துவிட்டான். பி.ஐ. கோர்ஸ் என்று ஏதோ சொல்கிறான். மூன்று மாதமாம், கட்டணம் பல்லாயிரமாம். சேர்த்தால் வேலை கிடைக்குமா சார்?” கேட்பவரின் முகத்தில் ஆசையும் கவலையும் சேர்ந்தே தெரியும். வளையலை அடகு வைத்துக் கட்டணம் கட்டியவர்களும், ஊரில் வட்டிக்கு வாங்கியவர்களும் நம்மிடையே உண்டு. ஆகையால் ‘கிடைக்கும்’ என்றோ ‘கிடைக்காது’ என்றோ ஒரே சொல்லில் விடை கூற எனக்கு மனம் வரவில்லை. இத்துறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பி.ஐ. என்பது என்ன?

பிசினஸ் இன்டெலிஜென்ஸ் என்பதன் சுருக்கமே பி.ஐ. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1958-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இச்சொல் வந்துவிட்டது. பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை நமக்குத் தெரியாத ஒன்றல்ல. மளிகைக் கடை முதலாளி இரவில் கடையை மூடிய பின் பேரேட்டைப் புரட்டி, எந்தச் சரக்கு ஓடுகிறது, எது தேங்குகிறது, யாரிடம் பாக்கி நிற்கிறது என்று பார்க்கிறார் அல்லவா? அதே வேலையை, நூறு கிளைகளும் கோடிக்கணக்கான வரவு செலவுகளும் உள்ள நிறுவனத்துக்குக் கணிப்பொறியைக் கொண்டு செய்து தருவதே பி.ஐ. ரிப்போர்ட் வேலை.

இதற்கு மூன்று படிகள் உண்டு. முதலில், பல இடங்களில் கிடக்கும் விவரங்களை எடுக்க வேண்டும். இதற்கு எஸ்.க்யூ.எல். என்னும் கேள்வி மொழி பயன்படுகிறது. அடுத்து, அவற்றிலுள்ள பிழைகளை நீக்கி ஒழுங்குபடுத்த வேண்டும். கடைசியாக, மேலாளர் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும் வண்ணம் அட்டவணையாகவும் படமாகவும் தர வேண்டும். எக்செல், பவர் பி.ஐ., டேப்லோ போன்றவை இதற்கான கருவிகள்.

பெங்களூரும் பயிற்சி வகுப்பும்

நம் ஊருக்கும் பயிற்சி வகுப்புக்கும் உள்ள உறவு பழையது. 1981-இல் என்.ஐ.ஐ.டி.யும் 1986-இல் ஆப்டெக்கும் தொடங்கப்பட்டன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 1985-இல் பெங்களூருக்கு வந்தது. தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் வகுப்புகள் தோன்றின. 2000-ஆம் ஆண்டுத் தேதிப் பிரச்சினை நெருங்கியபோது கோபால் மொழி படித்தவர்களுக்கு எங்கும் வரவேற்பு இருந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் தேக்கம் வர, வெறும் சான்றிதழை மட்டும் நம்பியிருந்தவர்கள் திகைத்து நின்றனர். கணக்கும் அலுவலக நடைமுறையும் அறிந்தவர்கள் வேறு வழி கண்டுகொண்டனர்.

இன்று பி.டி.எம். லேஅவுட், மாரத்தஹள்ளிப் பக்கம் போனால் கம்பத்துக்குக் கம்பம் அதே போன்ற விளம்பரங்களைக் காணலாம். பாடத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது. தருமபுரி, வேலூர், திருவண்ணாமலையிலிருந்து வரும் பிள்ளைகள் அங்குள்ள பி.ஜி. விடுதிகளில் நால்வர் ஓர் அறையில் தங்கி இவ்வகுப்புகளுக்குப் போகின்றனர்.

கருவிகள் மாறுவதையும் கவனிக்க வேண்டும். ஒரு காலத்தில் இத்துறையில் பெயர் பெற்றிருந்த பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ், காக்னோஸ் ஆகிய இரு நிறுவனங்களும் 2008-இல் முறையே எஸ்.ஏ.பி., ஐ.பி.எம். நிறுவனங்களின் கைக்குப் போயின. மைக்ரோசாப்டின் பவர் பி.ஐ. 2015-இல் வெளிவந்து விரைவாகப் பரவியது. டேப்லோவை 2019-இல் சேல்ஸ்போர்ஸ் வாங்கியது. ஆனால் எஸ்.க்யூ.எல். 1974-இல் பிறந்து இன்றுவரை நிற்கிறது. ஆகவே எந்தக் கருவியைக் கற்பது என்று குழம்புவோர் முதலில் எஸ்.க்யூ.எல்.லைக் கற்கட்டும். அந்த உழைப்பு வீண்போகாது.

ஒரு சிறு பாடம்

வகுப்பில் எளிதில் கிடைக்காதது எது என்பதை இரு கணக்குகளால் விளக்குகிறேன்.

ஒரு வியாபாரிக்கு ஸ்ரீராமபுரத்தில் ஒரு கடையும் சிவாஜி நகரில் ஒரு கடையும் இருப்பதாகக் கொள்வோம். ஸ்ரீராமபுரத்தில் ஒரு நாளில் 100 பில். சராசரி பில் 200 ரூபாய். சிவாஜி நகரில் 300 பில். சராசரி 100 ரூபாய். இரு கடைகளுக்கும் சேர்த்துச் சராசரி பில் எவ்வளவு? அவசரப்பட்டு 200-ஐயும் 100-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 150 வரும். அது தவறு. மொத்த விற்பனை 20,000 + 30,000 = 50,000 ரூபாய். மொத்த பில் 400. எனவே சரியான சராசரி 125 ரூபாய். 150 என்று நம்பிச் சரக்கு வாங்கும் வியாபாரி நஷ்டப்படுவார். கருவி இத்தவற்றைத் தானாகச் சுட்டிக்காட்டாது. 150 என்பதை அழகிய வண்ணப் படமாகப் போட்டுக் கொடுத்துவிடும்.

இரண்டாவது கணக்கு. ஒருவர் 1,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கி, 600 ரூபாயும் 400 ரூபாயுமாக இரு தவணையில் பணம் கட்டுகிறார். பில் பட்டியலில் அவருக்கு ஒரு வரி. வரவுப் பட்டியலில் இரண்டு வரிகள். பில் எண்ணைக் கொண்டு இரு பட்டியலையும் இணைத்தால் இரண்டு வரிகள் வரும். இரண்டிலும் பில் தொகை 1,000 என்றே இருக்கும். கூட்டினால் விற்பனை 2,000 ஆகிவிடும்! இந்தத் தொழிலில் புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்டவுடன் எஸ்.க்யூ.எல். எழுதித் தருகின்றன. ஆகையால் எழுதத் தெரிந்தவனைவிட, வந்த விடை சரிதானா என்று சோதிக்கத் தெரிந்தவனுக்கே மதிப்பு கூடியிருக்கிறது.

இரு பிள்ளைகள்

எனக்குத் தெரிந்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த பட்டதாரி இளைஞர். ஒரு பயிற்சி நிலையத்தில் தாயின் நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தினார். மூன்று மாதத்தில் சான்றிதழும், ‘பிராஜெக்ட்’ என்று ஒரு ரிப்போர்ட்டும் கையில் வந்தன. அதே ரிப்போர்ட் உடன் படித்த நாற்பது பேர் கையிலும் இருந்தது! நேர்முகத் தேர்வில், “இந்த எண் எப்படி வந்தது? போன மாதத்தைவிட ஏன் குறைந்தது?” என்று கேட்டபோது அவரால் பதில் கூற இயலவில்லை. நிலையத்தார் இரண்டு வருட அனுபவம் இருப்பதாகப் பொய்யாக எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். நல்ல வேளையாக அவர் அதற்கு உடன்படவில்லை. பொய் அனுபவம் பின்னர் சரிபார்ப்பில் வெளிப்பட்டால் கிடைத்த வேலையும் போய்விடும்.

மற்றொருவர் ஓசூர் சாலையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் டிஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்த்த பெண். தினமும் எக்செல்லில் கணக்கு எழுதி வந்தார். ஞாயிறு தோறும் ஒரு வகுப்புக்குப் போய் எஸ்.க்யூ.எல். கற்றார். தன் பிரிவில் சரக்கு தாமதமாகும் காரணத்தைத் தாமே ஒரு ரிப்போர்ட்டாகச் செய்து மேலாளரிடம் காட்டினார். ஓராண்டுக்குள் அதே நிறுவனத்தின் ரிப்போர்ட் பிரிவுக்கு மாற்றப்பட்டார். இருவரும் படித்த பாடம் ஏறக்குறைய ஒன்றுதான். இவரிடம் தொழில் அறிவு முன்பே இருந்தது. வகுப்பு அதற்குக் கருவி கொடுத்தது.

அந்தத் தருமபுரி இளைஞரும் சோர்ந்துவிடவில்லை. ஒரு கடையின் பில்லிங் பிரிவில் சேர்ந்து, அங்குள்ள விவரங்களைக் கொண்டே பழகி வருகிறார். நகை இன்னும் மீட்கப்படவில்லை. ஆனால் இப்போது எண்களைப் பற்றிக் கேட்டால் தயங்காமல் விடை சொல்கிறார்.

பணம் கட்டுமுன்

பெற்றோர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. ‘நூற்றுக்கு நூறு வேலை உறுதி’ என்றால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

2. முன்பு படித்தவர்கள் இருவரையாவது நீங்களே தேடிப் பேசுங்கள். நிலையத்தார் காட்டும் புகைப்படங்கள் போதா.

3. அசல் மதிப்பெண் பட்டியலை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். ‘வேலை கிடைத்த பின் கட்டலாம்’ என்ற ஒப்பந்தமானால், அது வங்கிக் கடனா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

4. பாடத்தில் எஸ்.க்யூ.எல்.லுக்கு எத்தனை மணி நேரம், மாணவன் தானே செய்ய வேண்டிய வேலை எவ்வளவு என்று கேளுங்கள்.

5. முதலில் ஒரு மாதம் செலவின்றிக் கற்கட்டும். கணிப்பொறியில் பவர் பி.ஐ. டெஸ்க்டாப்பைக் கட்டணமின்றிப் பெறலாம். ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். முறையான பட்டமே வேண்டுமென்போருக்குச் சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப் படிப்பு இருக்கிறது. ஒரு மாதம் தானே உட்கார்ந்து படிக்காத பிள்ளை, பணம் கட்டினால் மட்டும் படிப்பான் என்று எண்ண வேண்டாம்.

பழகுவதற்கு விவரம் எங்கே என்று கேட்பீர்கள். மத்திய அரசு 2012-இல் தொடங்கிய திறந்த விவரத் தளத்தில் மழை, விலைவாசி, போக்குவரத்து என்று ஏராளமாக உள்ளன. வீட்டு மின்கட்டண ரசீதுகள் பன்னிரண்டு மாதத்துக்குப் போதும். நம் சங்க நூலகத்துப் புத்தகப் பதிவேட்டையே கூட எடுத்துக்கொள்ளலாம். எந்த வயதினர் எவ்வகை நூல்களைப் படிக்கின்றனர் என்று ஒரு ரிப்போர்ட் செய்து காட்டுங்கள். நாற்பது பேரிடமும் உள்ள மாதிரி ரிப்போர்ட்டைவிட அது நூறு மடங்கு மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் எழுதுபவர் பலரிடமும் போய் விவரம் கேட்க வேண்டியவர். கிடங்கில் இருப்பவரிடமும் பில் போடுபவரிடமும் கன்னடத்தில் நான்கு வார்த்தை பேசத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆங்கிலத்தோடு கன்னடத்தையும் கற்க நம் பிள்ளைகளைத் தூண்டுவோம்.

முடிவாக, பயிற்சி வகுப்பு உதவுமா? கருவியை ஒழுங்காகக் கற்கவும், ஐயம் கேட்கவும், கூடப் படிப்போரின் துணைக்கும் உதவும். கேள்வி கேட்கும் பழக்கத்தையும் விடையைச் சரிபார்க்கும் பொறுமையையும் அது விலைக்குத் தராது. அவை உள்ள பிள்ளைக்கு வகுப்பு ஏணி. இல்லாத பிள்ளைக்கு வெறும் செலவு. அடகுக் கடைக்குப் போகுமுன் உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பாருங்கள்.

அதற்கு எளிய சோதனை ஒன்று: ஒரு வகுப்பில் 20 மாணவர்கள், சராசரி மதிப்பெண் 80. மற்றொரு வகுப்பில் 60 மாணவர்கள், சராசரி 60. இரு வகுப்புக்கும் சேர்த்துச் சராசரி என்ன? இன்று இரவு சாப்பாட்டின்போது கேட்டுப் பாருங்கள். 70 என்று சொன்னால் இக்கட்டுரையைப் படிக்கக் கொடுங்கள். 65 என்று சொல்லி, எப்படி வந்தது என்றும் விளக்கினால், தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.