ஈப்புலிகளின் வம்சாவளி

பயிருக்குக் கேடு செய்யும் பூச்சிகளைக் குடியானவர்கள் நன்கு அறிவர். அப்பூச்சிகளைத் தின்று பிழைக்கும் ஜந்துக்களைப் பற்றி அவ்வளவு அறிந்தவர்கள் மிகச் சிலரே. அத்தகைய ஜந்துக்களுள் ஈப்புலியும் ஒன்று. வீட்டுச் சுவரிலும், வேலியிலும், வயலில் பயிரின் தாள்களிலும் வலை பின்னாமல் அலைந்து, ஈ முதலிய சிறு பூச்சிகளின்மேல் புலிபோலப் பாய்ந்து பிடிப்பதனால் இதற்கு இப்பெயர் உண்டாயிற்று. தாவு சிலந்தி, குதிக்கும் சிலந்தி என்பனவும் இதன் பெயர்களேயாம். இக்குடும்பத்தை எவ்விதம் வகைப்படுத்தினார்கள், அதன்பொருட்டுத் தம் ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்ட சாஸ்திரி ஒருவர் கண்டது யாது, அதனால் பயிரிடுவோருக்கு ஆகும் பயன் என்ன என்பவை இங்கே கூறப்படும்.

ஈப்புலியின் அடையாளங்கள்

சிலந்தி பூச்சி வர்க்கத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிக்குக் கால் ஆறு, சிலந்திக்கு எட்டு. ஈப்புலிக்குக் கண்களும் எட்டு. அவற்றுள் முகத்தின் நடுவே வண்டியின் முன்விளக்குகள்போல் அமைந்த இரண்டும் மிகப் பெரியவை. இவற்றைக்கொண்டு இரையின் உருவத்தையும் நிறத்தையும் அது தெளிவாகக் காணும். மற்ற ஆறும் பக்கங்களிலும் பின்புறத்திலும் ஏதேனும் அசைகின்றதா என்பதை அறிய உதவுவன. உடலிலுள்ள திரவத்தை அழுத்தத்தோடு பின்கால்களுக்குள் செலுத்துவதால் அக்கால்கள் சட்டென நீண்டு, உடலைத் தூக்கி எறிகின்றன. பாயுமுன் ஓர் இழையை நின்ற இடத்தில் ஒட்டிவிட்டே பாயும்; ஆகையால் குறி தவறினும் கீழே விழுந்துவிடுவதில்லை.

சிலந்திக் குடும்பங்கள் யாவற்றிலும் இதுவே பெரியது. இதில் 6,000-க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. உலகத்துச் சிலந்திகளின் அட்டவணை 2022-ம் வருஷத்தில் 50,000 இனங்களை எட்டியது. அந்த ஐம்பதினாயிரமாவது பெயரும் தென் அமெரிக்காவில் கண்ட ஓர் ஈப்புலிக்கே உரியதாயிற்று. இத்துணைப் பெரிய கூட்டத்தை ஒழுங்காகப் பிரித்து வைக்காவிடில், கட்டுப் பிரிக்காத தஸ்தாவேஜுகளைப்போல, வேண்டிய விவரம் வேண்டிய சமயத்தில் அகப்படாது.

பழைய பிரிவுகள்

சுவீடன் தேசத்துக் கார்ல் கிளெர்க் என்பவர் 1757-ல் வெளியிட்ட நூலிலேயே ஐரோப்பாவில் சுவர்களில் காணப்படும் வரிகொண்ட ஈப்புலி ஒன்று வர்ணிக்கப்பட்டுளது. 1841-ல் ஆங்கிலேயராகிய ஜான் பிளாக்வால் இவற்றை ஒரு தனிக் குடும்பமாக வகுத்தார். அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் வாழ்ந்த பெக்காம் தம்பதிகள், ஆண் ஈப்புலி பெண்ணின் எதிரே தன் வர்ணங்களைக் காட்டி ஆடுவதைக் கவனித்து 1889-ல் விரிவாக எழுதினர்.

குடும்பம் முழுவதையும் பிரிக்க முயன்றவர்களுள் தலையாயவர் பாரிஸ் நகரத்து எழேன் ஸீமோன் (1848-1924). அவர் தமது பெருநூலில், 1901-க்கும் 1903-க்கும் இடையே வெளிவந்த பகுதிகளில், ஈப்புலிகளைத் தாடைப் பல்லைக்கொண்டு மூன்றாகப் பிரித்தார். தாடையின் பின்விளிம்பில் ஒற்றைப் பல் உடையவை ஒரு பிரிவு. நுனி பிளந்த பல் உடையவை மற்றொன்று. பல பற்கள் உடையவை மூன்றாவது. பூதக்கண்ணாடியின்கீழ் வைத்த மாத்திரத்தில் இன்ன பிரிவென்று சொல்லக்கூடியதாகையால், இம்முறை நெடுங்காலம் கைக்கொள்ளப்பட்டு வந்தது.

ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. அரிசி சிவப்பாயிருக்கும் நெல் அனைத்தையும் ஒரே ரகமென்று ஒருவர் ஒரே பத்தாயத்தில் கொட்டிவைத்தால் என்னாகும்? மூன்று மாதப் பயிரும் ஆறு மாதப் பயிரும், வெள்ளம் தாங்குவதும் வறட்சி தாங்குவதும் அதில் கலந்துபோகும். விதைத்த பின்னரே பிழை வெளிப்படும். ஓர் அடையாளத்தைமட்டும் கொண்டு பிரிப்பதில் எப்பொழுதும் இந்த அபாயம் இருந்துகொண்டேயிருக்கும்.

வெய்ன் மாடிசனின் ஆராய்ச்சி

இக்குறையைத் தீர்க்க உழைத்தவர்களுள் முதன்மையானவர் கனடா தேசத்தவராகிய வெய்ன் மாடிசன். 1958-ல் பிறந்த இவர் இளமையிலேயே ஈப்புலிகளிடம் ஈடுபாடு கொண்டார். 1988-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று, பின்னர் அரிசோனா சர்வகலாசாலையிலும், 2003 முதல் வான்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா சர்வகலாசாலையிலும் ஆசிரியராக அமர்ந்தார். அங்குள்ள பீட்டி மியூசியத்தின் டைரக்டர் பதவியையும் வகித்தார்.

இவருடன் இரட்டையராய்ப் பிறந்த டேவிட் மாடிசன் வண்டுகளை ஆராய்பவர். சகோதரர் இருவரும் சேர்ந்து, ஜீவராசிகளின் வம்சாவளியை ஆராய்வதற்கான கம்ப்யூட்டர் திட்டங்களை இயற்றினர். அவற்றுள் மாக்கிளேடு என்பது முந்தியது. மெஸ்கிட் என்பது பிந்தியது. இவை உதவும் விதம் கிராம அதிகாரிகளுக்கு எளிதில் விளங்கும். பாத்தியதை வழக்கு ஒன்றில் இருவர் வெவ்வேறு வம்சாவளிகளைத் தாக்கல் செய்தால், எது தஸ்தாவேஜுகள் பலவற்றோடும் அதிகமாகப் பொருந்துகின்றது, எது குறைந்த ஊகங்களைக்கொண்டு நிற்கின்றது என்று பார்ப்பதுண்டன்றோ? அதுபோலவே, பல், கண், கால், இனவிருத்தி உறுப்பு ஆகிய அடையாளங்களை ஒவ்வொரு வம்சாவளியிலும் பொருத்திப் பார்த்து, எத்தனை முறை மாறுதல் நிகழ்ந்ததாகக் கொள்ளவேண்டும் என்பதை இத்திட்டங்கள் கணக்கிட்டுக் காட்டுகின்றன.

ஆராய்ச்சி மேஜையோடு மாடிசன் நின்றுவிடவில்லை. ஈக்குவடார், போர்னியோ, புது கினியா முதலிய இடங்களின் காடுகளுக்குச் சென்று, செடிகளைத் தட்டி உதிர்த்துச் சிலந்திகளைச் சேகரித்தார். பெற்றோரிடமிருந்து சந்ததிக்கு வரும் மரபணுக்களை ஒப்பிடும் முறை கைவந்தபின், ஹெடின் என்பவருடன் சேர்ந்து 2003-லும், பாட்னர் என்பவருடன் சேர்ந்து 2012-லும் முக்கியமான ஆராய்ச்சிகளை வெளியிட்டார். இவற்றின் முடிவாக 2015-ல் குடும்பம் முழுவதற்கும் ஒரு புதிய வகுப்பை அமைத்தார்.

புதிய வகுப்பு

இதன்படி ஈப்புலிக் குடும்பத்தில் உட்குடும்பங்கள் ஏழு. ஓனொமாஸ்டினே, அஸெமொனீனே, லிஸ்ஸொமானினே, ஸ்பார்ட்டேயினே, யூபோயினே, ஹிஸ்போனினே, ஸால்டிசினே என்பன அவற்றின் பெயர்கள். முதலில் கூறிய ஆறும் சிறியவை. அவற்றுள் ஓனொமாஸ்டஸ் என்பது இலைகளின்மேல் வாழும் மெல்லிய உடலுடையது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் காணப்படுவது. ஸ்பார்ட்டேயினேயைச் சேர்ந்த போர்ஷியா, பிற சிலந்திகளின் வலைக்குள் தந்திரமாய்ப் புகுந்து அவற்றையே கொன்று தின்னும். இதுவும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு.

ஏழாவதாகிய ஸால்டிசினேயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட இனங்கள் அடங்கும். அதன் பெருங்கிளைகள் பூமியின் கண்டங்களையொட்டி அமைந்திருப்பதே மாடிசனும் அவரைச் சேர்ந்தவர்களும் கண்ட விசேஷமாம். அமிக்காய்டா என்னும் கிளை பெரும்பாலும் தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் உள்ளது. மார்ப்பிஸ்ஸாய்டாவும் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. அஸ்டியாய்டாவின் முக்கிய வாசஸ்தலம் ஆஸ்திரேலியாவும் அதனை அடுத்த நாடுகளும் தென்கிழக்கு ஆசியாவும் ஆகும். ஸால்டாஃப்ரீஷியா ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களில் செழித்தது. பவியினி என்னும் சிறு கூட்டம் இவற்றுள் எதிலும் சேராது தனித்து நிற்பது; இதனை 2020-ல் மாடிசன், இந்தியா, இலங்கை ஆகிய தேசங்களின் ஆராய்ச்சியாளரையும் துணைக்கொண்டு மீளாய்வு செய்தார்.

ஸீமோன் நம்பிய ஒற்றைப் பல்லும் பிளவுப் பல்லும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையல்ல. வெவ்வேறு கிளைகளில், வெவ்வேறு காலங்களில் அவை தனித்தனியே தோன்றியவை என்பது இவ்வாராய்ச்சிகளால் வெளியாயிற்று.

எறும்பின் வேஷம்

புறத்தோற்றம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு எறும்பு வேஷமே தக்க உதாரணம். தோப்புகளில் இலைகளைப் பிணைத்துக் கூடுகட்டும் முசுறு எறும்புகளின் அருகே, அவற்றைப்போலவே செந்நிறமும் ஒடுங்கிய இடையும் கொண்ட ஈப்புலி ஒன்று திரியும். முன்காலிரண்டையும் எறும்பின் உணர்கொம்புபோல் தூக்கி ஆட்டும். எண்ணினாலன்றி எட்டுக் கால் என்று தோன்றாது. இது அஸ்டியாய்டா கிளையைச் சேர்ந்தது. அமெரிக்காவிலும் எறும்பு வேஷமிட்ட ஈப்புலிகள் உண்டு. அவற்றுள் ஸினெமோஸைனா என்பது அமிக்காய்டாவையும், பெக்காம் தம்பதிகளின் பெயர் பூண்ட பெக்காமியா என்பது மார்ப்பிஸ்ஸாய்டாவையும் சேர்ந்தவை. வேஷம் ஒன்றாயினும் வம்சம் மூன்று. முசுறுவின் அருகே திரியும் ஈப்புலிக்குச் சுவரில் ஈ பிடிக்கும் பிளெக்ஸிப்பஸ் என்னும் ஈப்புலியும் நெருங்கிய உறவன்று. பின்னது ஸால்டாஃப்ரீஷியாவுக்கு உரியது.

மாற்று அபிப்பிராயம்

இப்புதிய வகுப்பை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஈப்புலிகளைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த போலந்து தேசத்து யெஜி புரூஷின்ஸ்கி, 2017-ல் நடைமுறை வகுப்பு என்று ஒன்றை வெளியிட்டார். கையிலுள்ள சிலந்தியைக் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களால் இன்னதென்று அறிவதே முதற்காரியம் என்பது அவர் கருத்து. இதிலும் நியாயம் உண்டு. வயலில் நிற்பவனிடம் மரபணுவைச் சோதிக்கும் கருவி இல்லை. ஆனால் அடையாளம் கண்டுபிடிப்பது வேறு. உறவு இன்னதென்று தீர்மானிப்பது வேறு. சர்வே கல்லைக் கொண்டு நிலத்தின் எல்லையைக் காணலாம்; அதன் மண்வளத்தை அறிய மண்ணைத் தோண்டியே பார்க்கவேண்டும்.

குடியானவர்களுக்கு ஆகும் பயன்

பெயர் தவறினால் அதனோடு சேர்ந்த விவரமும் தவறும். பிடிப்பஸ் என்னும் பேரினம் வட அமெரிக்காவுக்கு உரியது. 2004-ல் வெளியான மீளாய்வு இதனை உறுதி செய்தது. எனினும் 1970-க்குப் பிறகு இந்தியச் சிலந்திகள் சிலவும் அப்பெயராலேயே எழுதப்பட்டன. அப்பெயரை நம்பி அமெரிக்க நூல்களைப் புரட்டுவோர், அத்தேசத்துச் சிலந்தி முட்டையிடும் பருவத்தையும் இரையையும் நம் வயலுக்குப் பொருத்திவிடக் கூடும். பக்கத்து ஜில்லாவின் சாகுபடிக் கணக்கைப் பார்த்து இவ்வூருக்கு நாற்றங்கால் விடுவதற்கு இது ஒப்பாகும்.

ஈப்புலியைப் பயிரின் காவலன் என்று மிகைப்படுத்தவும் வேண்டுவதில்லை. அகப்படும் பூச்சிகளுள் தேனீ முதலிய நல்லவற்றையும் அது தின்னும். ஆயினும், எல்லாச் சிலந்திகளையும் சேர்த்து நோக்குங்கால் அவை செய்யும் உதவி சிறிதன்று. 1970-ஐ ஒட்டிய வருஷங்களில் ஆசியாவின் நெல் வயல்களில் புகையான் பெருகியதற்கு, அளவின்றித் தெளித்த மருந்துகள் சிலந்தி முதலிய இயற்கை விரோதிகளையும் கொன்றதும் ஒரு காரணம். இந்தோனேசிய சர்க்கார் 1986-ல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடைசெய்தது.

ஆகவே பின்வருவனவற்றைக் கவனிப்பது நலம்:

1. பயிரில் சில பூச்சிகளைக் கண்டவுடனே மருந்து தெளிக்காமல், சிலந்திகள் எவ்வளவு உள்ளன என்பதையும் பார்த்தல் வேண்டும்.

2. வரப்பிலுள்ள புல்லையெல்லாம் ஒரே சமயத்தில் எரித்துவிடலாகாது. சிலந்திகள் ஒதுங்குமிடம் அதுவே.

3. ஈப்புலியின் இனத்தைத் தீர்மானிக்க, முதிர்ந்த ஆண் அல்லது பெண் வேண்டும். குஞ்சுகளைக்கொண்டு பெரும்பாலும் நிச்சயிக்க இயலாது.

4. கிராம அதிகாரிகள் அறிக்கை அனுப்புங்கால், ஊகித்த பெயரை எழுதுவதைவிட, கண்ட தேதி, ஊர், பயிர், பயிரின் வயது, சிலந்தி எதைத் தின்றுகொண்டிருந்தது ஆகியவற்றை எழுதி, படமும் எடுத்தனுப்புவது மேல். பெயரைப் பின்னர் நிபுணர் சேர்க்கலாம். வயலில் நேரே கண்ட விவரத்தைப் பிறர் சேர்க்க இயலாது.

ஸீமோன் பல்லைக்கொண்டு அமைத்த பிரிவு நூறாண்டுக் காலம் பலருக்கு வழிகாட்டியது. பல அடையாளங்களையும் ஒருங்கு வைத்துப் பார்த்தபோது அது திருத்தப்பட்டது. 2015-ம் வருஷத்து வகுப்பும் புதிய சான்றுகள் கிடைக்குந்தோறும் திருத்தம் பெறும். அச்சான்றுகளுள் சில நம்முடைய வயல் வரப்புகளிலிருந்தே கிடைக்கக்கூடியவை. ஒரே அடையாளத்தைக் கண்டு முடிவு செய்யாதிருத்தல், சிலந்தியை வகுப்பவருக்கு மாத்திரமன்றி, விதையையும் மாட்டையும் நிலத்தையும் தேர்ந்தெடுப்பவருக்கும் ஏற்ற விதியாகும்.