ஆக்சிஜன் சிலிண்டர் வரும்வரை மல்லாக்கப் படுக்கவிடலாமா?

மூச்சுத்தொற்று முற்றியவர் மல்லாக்கப் படுத்தால் இதயத்தின் பாரமும் வயிற்றின் அழுத்தமும் நுரையீரலின் முதுகுப்பக்கம் விழும். நுரையீரலில் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான். குப்புறப் படுத்ததும் நசுங்கியிருந்த காற்றறைகள் விரிகின்றன; ரத்தம் ஓடும் இடத்துக்குக் காற்றும் போய்ச் சேருகிறது. வென்டிலேட்டரில் இருந்த கடுமையான நோயாளிகளை நாளுக்குக் குறைந்தது 16 மணி நேரம் இப்படி வைத்துப் பார்த்த, 2013இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், 28 நாளுக்குள் இறந்தோர் விகிதம், மல்லாக்கப் படுத்திருந்தவர்களின் 32.8 சதவீதத்துக்குப் பதில் 16 ஆக இருந்தது. நினைவோடு தானாக மூச்சுவிடுபவர்களுக்கு அவ்வளவு பெரிய பலன் நிரூபணமாகவில்லை. ஆனாலும் பலருக்கு ஆக்சிஜன் அளவு ஏறுகிறது.

2021 மே மாதக் கொரோனா அலையில் சித்தூர், திருப்பதி வீடுகளில் பெரிய விலை கொடுக்க வைத்த தவறு, படுக்கவைக்கும் விதத்தில்தான் நடந்தது. வீட்டு ஆண்கள் எல்லாரும் சிலிண்டர் தேடி ஓட, நோயாளி பல மணி நேரம் மல்லாக்கவே கிடப்பார். "குப்புறப் படுத்தா மூச்சு முட்டும்மா" என்று பார்க்க வந்த உறவினர் திருப்பிப் போட்டுவிட்டுப் போவதும் உண்டு; அறிவுரை சொன்னவர் இரவில் துணைக்கு இருக்கமாட்டார். ஆக்சிஜனை மட்டுமே நம்பும் நிலை எவ்வளவு மெலிந்தது என்பதை மே 10 இரவு திருப்பதி ருயா மருத்துவமனை காட்டியது. டேங்கர் தாமதமாகி அழுத்தம் குறைந்ததில் அரசு முதலில் சொன்ன கணக்குப்படியே 11 பேர் இறந்தார்கள்.

ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழ் இறங்கினால் குப்புறப் படுக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அந்த ஏப்ரலிலேயே சொல்லியிருந்தது. கழுத்தடியில் ஒரு தலையணை, மார்பு முதல் மேல்தொடை வரை ஒன்றிரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு. ஒரு நிலையில் அரை மணி முதல் இரண்டு மணி நேரம். பிறகு வலப்பக்கம், சாய்ந்து உட்கார்தல், இடப்பக்கம், மறுபடி குப்புற. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கூடாது. கஞ்சியைக் கொடுத்த கையோடு திருப்பினால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கக்கூடும்.

கர்ப்பிணிகள், கடும் இதயநோய் உள்ளவர்கள், முதுகெலும்பு, இடுப்பு, தொடையெலும்பு முறிந்தவர்கள், காலில் ரத்தம் உறைந்து சிகிச்சை தொடங்கி 48 மணி நேரம் ஆகாதவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். வாய் கழுவுதல், தண்ணீர், எலும்பு துருத்தும் இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தல் எல்லாம் வழக்கம்போல.

94 வந்ததும் பழையபடி மல்லாக்கப் போட்டால் ஏறியது இறங்கிவிடக்கூடும். திருப்பியும் 90க்குக் கீழே நிற்கிறது, பேச்சு திணறுகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் தலையணையை விட்டுவிட்டு 108ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை மட்டும் தாங்கினால் குப்புறவோ ஒருக்களித்தோ இருக்கட்டும்.