தங்கச்சி, முதலில் ஒரு ஃபைல் போடு

பறையடிக்கத் தெரியும், கூத்தில் வேஷம் கட்டத் தெரியும், படம் வரையத் தெரியும். ஊரில் ஓர் அநியாயம் நடந்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது. இப்படிப்பட்ட பிள்ளைகள் தருமபுரி மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். “இதை வைத்துக்கொண்டு இங்கே என்னக்கா செய்வது, சென்னைக்குப் போனால்தானே வழி?” என்று கேட்கிறார்கள். சென்னைக்கு அப்புறம் போகலாம். முதலில் சேலம் போ, தங்கச்சி.

கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் சேலத்தில் இருக்கிறது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டத்துக்கும் அதுதான் அலுவலகம். போனதும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் உறுப்பினர் அட்டைக்கு விண்ணப்பம் கேள். 2007-ல் அமைந்த வாரியம் அது. 18 வயது முடிந்து 60-ஐத் தாண்டாதவர்கள் சேரலாம். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. தொகை சின்னதுதானே என்று சிலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். விடாதே. நீ கலைஞர் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட முதல் காகிதம் அது. அடுத்து எங்கே விண்ணப்பித்தாலும் அதன் நகல் கைகொடுக்கும்.

அங்கேயே மாவட்டக் கலை மன்ற விருதுகளையும் விசாரித்துவிடு. வயது வாரியாக ஐந்து விருது: 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. வீட்டில் ஆடி ஓய்ந்த தாத்தாவோ, ஒப்பாரி பாடிப் பாடிக் குரல் போன பாட்டியோ இருந்தால் அவர்கள் பெயரிலும் ஒரு விண்ணப்பம் எழுது. 58 வயது கடந்து வறுமையில் இருக்கும் கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாதம் 3,000 ரூபாய் கிடைக்கிறது. வாத்தியமும் உடுப்பும் வாங்க மன்றம் தனியாக நிதியுதவி தருகிறது. பெரியவர்கள் இதற்கெல்லாம் அலையமாட்டார்கள். அலைய வேண்டியது நீதான்.

தம்பி தங்கைகள் நாதசுரம், தவில், பரதம், குரலிசை என்று ஆசைப்பட்டால் தருமபுரியிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மூன்று வருடப் படிப்பு, 12 வயதிலிருந்து சேரலாம். நாதசுரத்துக்கும் தவிலுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

ஃபைலில் என்ன இருக்க வேண்டும்?

விண்ணப்பம் தள்ளுபடியாவது பெரும்பாலும் திறமை இல்லாமல் அல்ல, சான்று இல்லாமல். நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கிறது. விடிய விடியக் கூத்து, காலையில் துரியோதனன் படுகளம். ஊரே பார்க்கிறது. ஆனால் யார் என்ன வேஷம் கட்டினார்கள் என்று எங்கேயும் எழுதி வைப்பதில்லை. நோட்டீஸில் வாத்தியார் பெயரும் செட்டின் பெயரும் மட்டும் வரும். பெண்பிள்ளையின் பெயர் பெரும்பாலும் வராது. அச்சாரம் வாங்கும்போதே நோட்டீஸில் உன் பெயரைப் போடச் சொல். கூச்சப்படாதே, அது உன் உழைப்பு.

நிகழ்ச்சி முடிந்த வாரத்திலேயே தர்மகர்த்தாவிடமோ ஊராட்சித் தலைவரிடமோ நாலு வரிக் கடிதம் வாங்கு. தேதி, ஊர், கூத்தின் பெயர், நீ கட்டிய வேஷம், முடிந்தால் கொடுத்த தொகை. ஒரு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. முகம் தெரிகிற மாதிரி இரண்டு போட்டோ, ஒரே இடத்தில் நின்று கேமரா ஆடாமல் எடுத்த ஐந்து நிமிட வீடியோ. அந்த வீடியோ ரொம்ப முக்கியம். பொங்கலையொட்டி அரசு நடத்தும் ‘சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’வுக்குக் குழுக்களை இப்படி ஒளிப்பதிவு பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சத்தம் தெளிவாக இருக்கட்டும். கூட்டத்தின் கைதட்டலை விட உன் அடியும் குரலும் கேட்க வேண்டும்.

ஒகேனக்கல்லில் ஆடிப்பெருக்குக்கு அரசு விழா எடுக்கிறது. பாப்பாரப்பட்டியில் ஜூலை 23 சுப்பிரமணிய சிவா நினைவு நாள். குழந்தைத் திருமணம், பெண் சிசுக்கொலை பற்றிய விழிப்புணர்வுக்கும் மாவட்ட நிர்வாகம் கலைக்குழுக்களைக் கூப்பிடுவது உண்டு. ஃபைலின் ஒரு நகலை மாவட்ட மக்கள் தொடர்பு அலுவலகத்தில் கொடுத்து வை. தெரிந்தவர்களைத்தான் கூப்பிடுவார்கள் என்று குறைப்படுவதை விட, தெரிந்தவளாக ஆகிவிடுவது நல்லது.

வாச்சாத்தி சொல்லித் தருவது

காகிதம் காகிதம் என்று அக்கா ஏன் இப்படிப் படுத்துகிறாள் என்று நினைப்பாய். அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தியை நினைத்துத்தான் சொல்கிறேன். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று முதலில் சாதித்தார்கள். தமிழ்நாடு பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணை நின்றன. உயர் நீதிமன்ற உத்தரவால் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அந்தப் பெண்கள் நடந்ததை அதிகாரிகளிடம் சொன்னார்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான ஆணையத்திடம் சொன்னார்கள், சி.பி.ஐ.யிடம் சொன்னார்கள், நீதிமன்றத்தில் நின்றும் சொன்னார்கள்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. 2023-ல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னார். தீர்ப்புக்கு முன்னால் அவர் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். நடந்தது முதல் உறுதியானது வரை 31 வருடம். அத்தனை வருடமும் பேச்சு மட்டும் இருந்திருந்தால் கரைந்துபோயிருக்கும். வாக்குமூலமும் அறிக்கையும் அழியாமல் இருந்ததால் நீதி வந்தது. நம் மாவட்டத்தில் உரிமை வேலை செய்ய வருகிற நாம் முதலில் அந்தப் பெண்களுக்குத்தான் கடன்பட்டிருக்கிறோம்.

அதனால் உன் நோட்டில் தேதி, நேரம், இடம், யார் பார்த்தது, யார் சொல்லிக் கேட்டது எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கலக்காதே. மாநில மனித உரிமை ஆணையம் 1997 முதல் இயங்குகிறது. புகாரைத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டும் என்பதில்லை. ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது. இது தெரியாமல் நல்ல புகார்கள் வீணாகின்றன.

கலைஞராக இன்னொன்றையும் தெரிந்துகொள். வாச்சாத்தியைப் பற்றி நாடகம் போடலாம், படம் எடுக்கலாம் என்று ஆசை வரும். வரட்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ, அடையாளம் தெரியும்படியான வேறு விவரத்தையோ அவருடைய எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் வெளியிடுவது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ, இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவின் 72-ஆம் பிரிவு. குழந்தை என்றால் போக்சோ சட்டமும் சேரும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகும் ஒருவருக்கு மனசு மாறலாம். மாறினால் அந்தக் காட்சியை நீக்கிவிடு, ஏன் என்று கேட்காதே. படம் முடிந்ததும் முதல் காட்சியை அந்த ஊரில் போடு. பரிசு விழாவெல்லாம் அப்புறம்.

எங்கே கொண்டுபோகலாம்?

குறும்படம் எடுக்கிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2015 முதல் வருடாவருடம் நடத்தும் போட்டி. மூன்று நிமிடத்துக்குக் குறையாமல் பத்து நிமிடத்துக்கு மிகாமல் படம் இருக்க வேண்டும். தமிழில் எடுக்கலாம், ஆங்கில சப்டைட்டில் போட்டுவிட வேண்டும். நுழைவுக் கட்டணம் இல்லை. முதல் பரிசு 2 லட்சம் ரூபாய், அடுத்தது ஒன்றரை லட்சம், மூன்றாவது 1 லட்சம். 2024 போட்டியில் தமிழ்நாட்டிலிருந்து போன ‘காட்’ என்ற படம் மூன்றாம் பரிசு வாங்கியது. தண்ணீரைப் பற்றிய படம் அது, வசனமே கிடையாது. குடிதண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற பெண்களைத் தினம் பார்க்கிற நமக்குக் கதைக்குப் பஞ்சமா? செல்போன் போதும். அந்தந்த வருட விதியை மட்டும் ஒருமுறை முழுசாகப் படித்துவிடு.

ஆவணப்படம் என்றால் 1998 முதல் ‘மறுபக்கம்’ நடத்தும் மதுரை ஆவணப்பட, குறும்பட விழா இருக்கிறது. பாட்டும் பறையும் என்றால் நீலம் பண்பாட்டு மையத்தின் ‘மார்கழியில் மக்களிசை’. ஏப்ரலில் தலித் வரலாற்று மாதத்தையொட்டி அவர்களே நடத்தும் ‘வானம்’ கலைத் திருவிழா. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் (தமுஎகச) கலை இலக்கிய இரவுகள் மாவட்டந்தோறும் நடக்கின்றன. தருமபுரி புத்தகத் திருவிழா மேடையை மறந்துவிடாதே. வெளியூர் எழுத்தாளர்கள் உள்ளூர்ப் பிள்ளைகளைக் கண்டுகொள்ளும் இடம் அது. கிராமத்து வேலைகளையும் தொழில்களையும் படமெடுக்கிறவர்கள் பி.சாய்நாத் 2014-ல் தொடங்கிய ‘பாரி’ இணையதளத்தைத் தமிழிலேயே படித்துப் பார்த்துவிட்டு எழுதிப் போடலாம்.

பணம் வேண்டும் என்றால் பலருக்கும் தெரியாத ஒரு கதவு பெங்களூரில் இருக்கிறது. இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை, சுருக்கமாக ஐ.எஃப்.ஏ. 1993-ல் தொடங்கியது. ஆராய்ச்சிக்கும் கலை முயற்சிக்கும் நிதி தருகிறார்கள். விண்ணப்பத்தை எந்த இந்திய மொழியிலும் எழுதலாம். ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்கி நிற்கிற என் தங்கச்சிகள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். பாட்டியின் ஒப்பாரிகளைத் தொகுக்கப் போகிறாயா, நடுகல் இருக்கும் ஊர்களின் கதைகளைப் பதிவு செய்யப் போகிறாயா, தமிழிலேயே எழுதி அனுப்பு. மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் உதவித்தொகை தருகிறது. 25-க்கு மேல் 40 வரை இளநிலை ஃபெலோஷிப், மாதம் 10,000 ரூபாய்.

வெளிநாட்டுப் பணம் வந்தால் நிதானம். ஆடிட்டரைப் பார்க்காமல் கணக்கு எண் கொடுக்காதே. அமைப்பாக வாங்குவதென்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு இல்லாமல் ஒரு ரூபாய் கூடத் தொடக் கூடாது. மதுரை மக்கள் கண்காணிப்பகம் எத்தனையோ பேருக்கு மனித உரிமைப் பயிற்சி கொடுத்த அமைப்பு. அதன் தாய் அமைப்பின் பதிவையே 2016-ல் மத்திய அரசு புதுப்பிக்க மறுத்தது. அவ்வளவு பெரியவர்களுக்கே அந்த நிலைமை என்றால் நீ எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்.

உரிமை வேலைக்கு உள்ளூர் வழி

சட்டம் படிக்க ஆசை இருந்தால் 2017 முதல் தருமபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி நடக்கிறது. படிக்க வசதிப்படாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேரலாம். அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும், பயிற்சி அவர்களே கொடுப்பார்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் இவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற சட்ட உதவி எண்ணை உன் போனில் மட்டுமல்ல, தெருவில் உள்ள அக்காமார் எல்லோர் போனிலும் போட்டுக் கொடு. கூடவே பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

கூத்துக்காரர்களுக்கு நான் எப்போதும் சொல்வது கிராம சபை நாட்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முந்தின நாள் சாயங்காலம் ஊர் நடுவில் அரை மணி நேரம் ஆடு. கட்டியங்காரன் வாயால் வன உரிமைச் சட்டத்தையும் நூறு நாள் வேலைக் கூலியையும் பேச வை. மறுநாள் சபையில் கேள்வி கேட்கிற பெண்களின் எண்ணிக்கையைப் பார். கேட்ட கேள்வி தீர்மான நோட்டில் ஏறுகிறதா என்று கூடவே நின்று பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் ஆடியது வீண். டிசம்பர் 10 மனித உரிமை நாளுக்குப் பள்ளி, கல்லூரிகள் நிகழ்ச்சிக்குக் கூப்பிடும். அக்டோபரிலேயே போய்க் கேட்டு வை.

மிரட்டல் வந்தால் தனியாகத் தாங்காதே. வந்த போன், சொன்ன வார்த்தை, நேரம் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி, வெளியூரில் இருக்கும் இரண்டு பேருக்கு அனுப்பிவிடு. தேசிய மனித உரிமைகள் ஆணையத்தில் மனித உரிமைக் காப்பாளர்களின் புகாருக்கென்றே தொடர்பு அலுவலர் ஒருவர் இருக்கிறார். டப்ளினில் இருக்கும் ‘ஃப்ரண்ட் லைன் டிஃபெண்டர்ஸ்’ ஆபத்தில் இருப்பவர்களுக்கு அவசர உதவி செய்கிறது.

கடைசியாக, வெளியூர் மேடைக்குக் கூப்பிட்டால் நாலு விஷயத்தை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கு: சம்பளம் எவ்வளவு, எப்போது தருவார்கள், வாத்தியங்களோடு போய் வர வண்டிச் செலவு யாருடையது, ராத்திரி தங்க பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள தனி அறை உண்டா. சால்வை போர்த்தி அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் நல்ல காரியத்துக்காக நடத்துகிறவர்களிலும் இருக்கிறார்கள். உரிமையைப் பற்றிப் பேசுகிற மேடையில் கூலியைக் கேட்க வெட்கப்படாதே. உன் செட்டில் பறையடிக்கிற அண்ணன் அன்றைக்கு ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத்தான் வண்டி ஏறுகிறார்.