‘வெறும் தேமல்’ என்று மறைக்காதீர்கள்!

தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. 1908-இல் வ.உ.சி.யோடு கைதான சிவா, சிறையில் தொழுநோய்க்கு ஆளானார். 1912-இல் விடுதலையானவரை, ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளையர் அரசு தடுத்தது. நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925 ஜூலை 23-இல் இதே ஊரில் மறைந்தார். அன்று இந்த நோய்க்குச் சரியான மருந்து கிடையாது.

இன்று மருந்து இருக்கிறது. ஆனால் வாய்தான் திறப்பதில்லை!

முதுகில் வெளிறிய அல்லது சிவந்த படை. அரிப்பில்லை, வலியில்லை, தொட்டால் உணர்ச்சியும் இல்லை. மனைவி பார்த்துவிடுகிறாள். “என்னங்க இது?” என்றால், “சும்மா தேமல், விடு” என்று சட்டையை மாட்டிக்கொள்கிறார். அம்மாவுக்குத் தெரிந்தால் அழுவாள், பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று உள்ளுக்குள் பயம். இப்படிப் பேசாமல் கழியும் மாதங்களில்தான் நரம்பு கெட்டு, விரல் மடங்கிப் போகிறது.

எப்படிப் பேசுவது?

● நாலு பேர் எதிரில் வேண்டாம். தனியாக இருக்கும்போது கேளுங்கள்.

● “அப்பவே சொன்னேன்ல?” என்று குத்திக்காட்டாதீர்கள். “எனக்குப் பயமா இருக்குங்க, ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வந்துடலாம், நானும் வர்றேன்” என்று சொல்லிப் பாருங்கள்.

● அவர் பேசும்போது குறுக்கிடாதீர்கள். பயத்தைக் கொட்டித் தீர்க்கட்டும்.

● பெரியவர்களுக்கு விஷயத்தை விளக்குங்கள். இது பாவமல்ல, பரம்பரை நோயுமல்ல, கிருமியால் வருவது. பெரும்பாலோருக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் தேவையில்லை.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும். நடுவில் நிறுத்தக்கூடாது. வீட்டிலுள்ள மற்றவர்களையும் பரிசோதித்து, தேவையானால் தடுப்பு மருந்து தருவார்கள். ஒருவர் மறைத்தால், மற்றவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகும்.

தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்றிருந்த சட்டப் பிரிவுகளே 2019-இல் நீக்கப்பட்டுவிட்டன. சட்டமே மாறிவிட்டது. நம் வீட்டுப் பேச்சும் மாற வேண்டாமா?